ஆயிரங் கஜத்து இலக்கும் அருகிருக்கும் நண்பனும்

துரோணர் தம் மாணாக்கரை மரத்தின்மேல் வைத்த பறவையை எய்யுமாறு பணித்து, காண்பது யாதென வினவியபோது, அருச்சுனன் ஒருவனே பறவையின் தலையன்றிப் பிறிதொன்றுங் காண்கிலேன் என்றான் என்னும் வரலாறு யாவரும் அறிந்தது. குறி எய்தலுக்கு மன ஒருமையே முதலென்பது அதனால் நாட்டப்பட்டது. வில்லுக்கு அது பொருந்தும். அரை மைலுக்கும் அப்பால் நிற்கும் இலக்கைத் துப்பாக்கியால் எய்யும் மேனாட்டுக் கலையில் அவ்வொருமை மட்டும் போதாது என்பதும், இலக்கொன்றையே காண்பவன் அக்காட்சியானே தோற்றலுங் கூடும் என்பதும் ஆராயத்தக்கன.

இக்கலைக்குப் பேர்பெற்ற இடம் இங்கிலாந்தில் சர்ரே நாட்டிலுள்ள பிஸ்லி. 1859-இல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கம் 1860-இல் விம்பிள்டன் வெளியிலே முதற் கூட்டத்தை நடத்திற்று. அன்று விக்டோரியா மகாராணியாரே நிலைச்சட்டத்திற் பொருத்திய துப்பாக்கியின் கயிற்றை இழுத்து, 400 கஜத்தில் முதல் வெடியைத் தொடங்கி வைத்தார். 1890-இல் அக்கூட்டம் பிஸ்லிக்கு மாறிற்று. அங்கே பெரும் பரிசின் இறுதிச் சுற்று 900, 1000 கஜங்களில் நிகழும். ஆயிரங் கஜத்தில் முழு எண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு இரண்டடியே. இவ்வகைத் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கி பொருத்துதல் இல்லை. சிறு துளையொன்றின் வழியே நோக்குவர்.

குழலினின்று புறப்பட்ட ரவை இலக்கையடைய ஏறத்தாழ ஒன்றரை விநாடி செல்லும். அது நேர்கோட்டிற் செல்வதன்று. நோக்குங் கோட்டிற்குமேல் ஓராள் உயரத்தினும் மிக எழும்பிப் பின் தாழ்ந்து வீழும். இவ்வேற்றத்தைக் கணக்கிட்டு அமைத்தல் எளிது. காற்றே பெரும்பகை. மணிக்குப் பத்து மைல் வேகமுள்ள குறுக்குக்காற்று ரவையை இரண்டு கஜத்துக்கும் மேலாக ஒதுக்கிவிடும். அக்காற்றுத்தானும் ஒருபடித்தாய் வீசுவதில்லை. எய்பவன் பக்கத்துக் கொடி இடப்புறம் அசைய, நடுவழிக் கொடி சோர்ந்து தொங்க, இலக்கின் பக்கத்தது வலப்புறம் பறத்தலுமுண்டு. நிலச்சூட்டால் எழும் கானல் எப்பக்கம் ஓடுகிறது என்பதைத் தொலைநோக்கியாற் கண்டும் காற்றை அளப்பர். குப்புறக் கிடந்து, தோல்வாரால் கையை இறுக்கி, மூச்சையடக்கித் துளைவழியே நோக்குபவன் இவையனைத்தையும் எங்ஙனம் ஒருங்கே காண்பன்?

ஆகலின் குழுப்போட்டிகளில் அவன் பின்னே தொலைநோக்கியுடன் ஒருவன் அமர்வன். காற்றைக் கணித்து, குறிகருவியை இத்துணை இடம் அல்லது வலம் திருப்புக எனச் சொல்வது அவன் தொழில். தனிப்பழக்கத்திலும் நண்பர் இருவர் மாறிமாறி இவ்வாறு உதவிக்கொள்வர். இவருள் நிகழும் உரையாடல் மிகச் சுருங்கியது. அதன் மெய்ம்மையோ மிகப் பெரிது. விசையை இழுத்தவன் வெடித்த அக்கணத்திலேயே, குறி எங்கு நின்றது என்பதைத் தன் நண்பனுக்குச் சொல்லவேண்டும். “நடுவில் விட்டேன்” என்றோ “சற்று வலத்தே இழுக்கப்பட்டது” என்றோ அவன் கூறும் சொல், இலக்கில் வீழ்ந்த இடந் தெரியுமுன்னரே வருதல் வேண்டும். அவன் தன் கைப்பிழையை நாணத்தால் மறைத்து நடுவில் விட்டதாகக் கூறின், நண்பன் அப்பிழையைக் காற்றின்மேல் ஏற்றி, இல்லாத காற்றுக்குத் திருத்தஞ் சொல்வன். அடுத்த வெடி நன்கு விடப்பட்டாலும் தவறும். ஒரு பொய்யால் இருவர் அறிவும் கெடுகின்றன. இதனினும் கொடியது நண்பன் சொல்லை ஐயுற்று, அவனறியாமல் குறியைத் தான் சிறிது ஒதுக்கி எய்தல். அது நற்பயன் தந்ததாயினும் அவன் கணக்கை அழித்துவிடும். காற்றைத் தவறாகக் கணித்தவனை மன்னிப்போர் பலர். தன் வெடியைத் தவறாக உரைத்தவனோடு மீண்டும் சேர்ந்து எய்வோர் சிலரே.

தனிப்போட்டியில் வேறொரு வழக்குண்டு. இருவர் அல்லது மூவர் ஓரிலக்கை முறைவைத்து எய்வர். ஒருவன் எய்ய, அருகிருப்பவன் அவன் பெற்ற எண்ணை உரக்கக் கூறி ஏட்டிற் பதிவன். தன்னை வெல்லக்கூடியவனது வெற்றியைத் தன் கையானே எழுதவேண்டும் என்பது பொருள். பழைய திண்ணைப் பள்ளிகளில் ஒரு மாணாக்கன் பாடமொப்பிக்க மற்றொருவன் ஏடு பார்த்திருக்கும் வழக்கத்தை இது நினைப்பூட்டும். ஆங்கும் ஏடு பார்ப்பவன் நேர்மையே பாடத்திற்குக் காவல்.

இனி, இலக்கையே கண்டு தோற்ற வரலாறு. 1873-இல் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்தினர், அந்த ஊக்கத்தால் அமெரிக்கரைப் போட்டிக்கழைத்தனர். 1874 செப்டம்பர் 26-ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் கிரீட்மோர் என்னும் வெளியில் அறுவர்க்கு அறுவராக எதிர்ந்தனர். 800, 900, 1000 கஜங்களில் ஒவ்வொருவர்க்கும் பதினைந்து வெடி. நடுவிற் பட்டால் நான்கு எண். அயர்லாந்தினர் முன்வாயால் நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளைக் கொண்டனர். அவற்றைச் செய்த ஜான் ரிக்பி தாமே அவ்வறுவருள் ஒருவர். அமெரிக்கரோ பின்புறந் திறந்து நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டனர். முதற் சுற்றில் அமெரிக்கர்க்கு 326, அயர்லாந்தினர்க்கு 317. அடுத்த இரண்டிலும் அயர்லாந்தினரே மேம்பட்டு, முடிவில் 931 எண்ணுடன் எய்து முடித்தனர். அமெரிக்கரிடம் 930. எஞ்சியது கர்னல் ஜான் போடைன் என்பாரது ஒரு வெடி.

அவ்வேளையிற் பருகக் கொணர்ந்த இஞ்சிப்பானப் புட்டி வெடித்து அவர் கையைக் கிழித்தது. அவர் குருதி வடியும் கையிற் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிடந்து, எய்தார். ஆயிரக்கணக்கானோர் மூச்சடங்கி நிற்க, இலக்கினருகே நடுக்குறியைக் காட்டும் வெண்வட்டம் எழுந்தது. 934-க்கு 931. இச்செயலை எழுதாத சரித்திரமில்லை; எழுதத் தக்கதே.

ஆயின் அந்த மூன்றெண் வேறுபாட்டிற்குக் காரணம் போடைன் மட்டுமல்லர். அயர்லாந்தினருள் மில்னர் என்பார் முன்னரே ஒரு வெடியை நடுக்குறியிற் செலுத்தினார். அது தமக்குரிய இலக்கன்று, அடுத்திருந்த வேறிலக்கு. விதிப்படி அதற்கு எண் இல்லை. அந்த நான்கும் சேர்ந்திருப்பின் 935 ஆகியிருக்கும். அவர் கை நடுங்கவில்லை; கண் மயங்கவில்லை; காற்றையும் சரியாகவே அளந்தார். கருங்குறியொன்றையே கண்டார், அஃது யாருடையது என்பதைக் காணாமையே குறை. துரோணர் வினவியிருப்பின் இவரும் அருச்சுனன் விடையையே கூறியிருப்பார். அருகிருந்தார் ஒருவர் “அது நமதன்று” என ஒரு சொற் சொல்லியிருப்பின் போதியதாம். இன்றும் தேர்ந்தவர் இலக்கின் எண்ணை ஒவ்வொரு முறையும் நோக்கியே எய்வர். அவ்வாறிருந்தும் இப்பிழை இடையிடை நிகழ்வதால், அது அறியாதார்க்கே உரியதென்று இகழ்தல் கூடாது.

ஓரெண்ணின் மதிப்பு எத்தகைத்து என்பதற்கு 1930-ஆம் ஆண்டும் சான்று. அவ்வாண்டு பிஸ்லியில் அரசர் பரிசை மார்ஜரி பாஸ்டர் என்னும் பெண்மணியார் ஒரேயெண் மிகுதியால் வென்றார். அப்பரிசைப் பெண் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

கிரீட்மோரில் தோற்ற குழுவின் தலைவர் மேஜர் ஆர்தர் லீச், தம்மை எதிர்த்து எய்த அமெரிக்கச் சங்கத்தார்க்கு அவ்வாண்டிலேயே ஒரு வெள்ளிக்கலத்தைப் பரிசாக வழங்கினார். அடுத்த ஆண்டு அமெரிக்கர் டப்ளினை அடுத்த டாலிமவுண்டுக்குச் சென்று எய்து, அங்கும் வென்றனர். லீச் அளித்த வெள்ளிக்கலம் அமெரிக்காவில் ஆயிரங் கஜப் போட்டியொன்றின் பரிசாக இன்றும் வழங்கி வருகின்றது.