நிழல் பார்த்து நிறுத்தினேன்

நம் ஊரில் வண்டியை எங்கே நிறுத்துவோம்? வேம்போ பூவரசோ, ஒரு நிழல் பார்த்துத்தான். எழுபது வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் பிரான்சில் எனக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்த கதையை இன்று எழுதுகிறேன்.

மகள் குடும்பம் பொர்தோ நகருக்கு வெளியே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஜூலையில் நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். மாப்பிள்ளை பழைய காம்பிங்-கார் ஒன்று வாங்கி வைத்திருந்தார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. கூரையில் 100 வாட் சோலார் பேனல் ஒன்று படுத்த வாக்கில் இருந்தது. பகலில் அது பாட்டரியை நிரப்பும். இரவில் பாட்டரி விளக்கையும் ஃபிரிட்ஜையும் ஓட்டும்.

"நாலு நாள் லாந்து பக்கம் கடலோரமா போயிட்டு வரலாம் மாமா" என்றார். கிளம்பினோம்.

வீட்டம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறவள். புதுப் பேனாக்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னால் கேட்கவில்லை. மருந்துப் பை தன் கண்ணெதிரே இருக்க வேண்டும் அவளுக்கு. ஒரு மாதத்துப் பேனாக்கள் அந்தச் சின்ன ஃபிரிட்ஜில் ஏறின.

லாந்து முழுக்கப் பைன் காடு. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் 1857-இல் சட்டம் போட்டு நட்டு வளர்த்த காடு என்று அந்தக் காலத்தில் கொலேழில் படித்திருக்கிறேன். வண்டி நிறுத்தும் திடல் பாதி வெயில், பாதி மரநிழல். மாப்பிள்ளை வெயில் பக்கம் திருப்பினார். நான்தான், "என்ன மாப்பிள்ளை, நிழல் இருக்கும்போது வெயில்லயா?" என்றேன். ஒரு நொடி யோசித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மரத்தடியில் கொண்டு நிறுத்தினார்.

அரசாங்க உத்தியோகம் போனாலும் குறிப்பெழுதும் புத்தி போகவில்லை. ரெகுலாத்தர் என்று அங்கே சொல்லும் சின்னப் பெட்டி, பாட்டரியின் வோல்ட்டைக் காட்டும். தினம் காலையில் அதைப் பார்த்து டைரியில் எழுதினேன். முதல் நாள் 12.7. இரண்டாம் நாள் 12.4. மூன்றாம் நாள் விடியலில் 11.9, ஃபிரிட்ஜ் தானாகவே நின்றிருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியே இல்லை. வீட்டம்மா பேனாக்களை எடுத்து ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பாட்டரி பழசு மாமா, அதான்" என்றார் மாப்பிள்ளை. நான் டைரியைப் பார்த்தேன். வண்டி ஓடி வந்த நாளில் இஞ்சின் பாட்டரியை நிரப்பிவிட்டது. நின்ற நாளிலிருந்துதான் இறக்கம். அப்படியானால் கூரையில் இருப்பது என்ன செய்கிறது?

ஏணியை நான் பிடித்தேன், அவர் ஏறினார். பேனல் மேலே மஞ்சள் படலம். வசந்தத்தில் பைன் மகரந்தம் கொட்டும். அது மழையில் கரைந்து சட்டத்தின் ஓரத்தில் சேறாகக் காய்ந்திருந்தது. வீட்டுக் கூரையில் சாய்வாக வைத்த பேனலை மழை ஓரளவு கழுவிவிடும். படுத்திருக்கும் பேனலில் எல்லாம் தங்கும். கூடவே மரத்துப் பிசின், கடற்பறவை எச்சம். அதற்கும் மேல், என் நிழல்.

பேனலில் பாதி நிழலானால் பாதி மின்சாரமாவது வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கொலேழில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் மூன்று குட்டி பல்புகளை வரிசையாகக் கோத்து, ஒன்றைக் கழற்றிக் காட்டுவார், மூன்றும் அணையும். "ஆன் செரி" என்று பலகையில் எழுதுவார். பேனலின் சில்லுகளும் அப்படி மாலையாகக் கோத்தவை. ஒன்றிரண்டு சில்லில் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் ஓட்டமும் தடைபடும். ஐம்பது வருடத்துக்கு முன் படித்தது, மரத்தடியில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

வெயில் ஏறுவதற்குள் கழுவினோம். சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிறகு மெத்தென்ற பஞ்சும் கொஞ்சம் சோப்பும். உலர்ந்த தூசியைத் தேய்த்தால் கீறல் விழும். பிசினுக்குச் சமையல் எண்ணெய் தொட்டு இளக்கி, சோப்பால் துடைத்தோம். பேனலைச் சுற்றி அடைத்த பசை வெடித்திருக்கிறதா, ஒயர் உள்ளே இறங்கும் இடத்தில் நீர் கசிகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

பிறகு வண்டியை வெயிலுக்கு நகர்த்தினோம். காலையில் அரை ஆம்பியர் காட்டிய பெட்டி, நண்பகலில் 4 ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. ஊருக்குள் போய் மருந்துக்கடையில் கேட்டோம். 30 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் இந்தப் பேனாக்களை நாலு வாரம் வரை பயன்படுத்தலாம், மேலே இன்றைய தேதியை எழுதி வையுங்கள் என்றார் அந்த அம்மாள். அப்போதுதான் வீட்டம்மா முகத்தில் உயிர் வந்தது.

மாலையில் மாப்பிள்ளையிடம், "நிழல்ல நிறுத்தினா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். சிரித்தார். "நீங்க சொன்னப்புறம் எப்படி மாமா..." என்று இழுத்தார். பாட்டரி மேல் பழி போட்டதும் என்னைக் காப்பாற்றத்தான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. முப்பத்து நாலு வருட உத்தியோகத்தில் எத்தனை கோப்பில் நான் தவறாக எழுதியதைச் சின்னப் பையன்கள் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்? மரியாதை என்று நினைத்து மகிழ்ந்தேனே!

இப்போது நம் தெருவிலும் பல மொட்டை மாடிகளில் பேனல் ஏறிவிட்டது. சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. போட்டவர்கள் கடல் உப்பையும் காக்கை எச்சத்தையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை எந்த நேரத்தில் நிழல் தருகிறது என்று ஒருநாள் மாடியில் நின்று பாருங்கள். ஏணியில் மட்டும் நம் வயதில் ஏற வேண்டாம். பையன் யாராவது ஏறட்டும். மேலிருந்து அவன் ஏதாவது சொன்னால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.