நோன்பு மாதத்துக் கேரல்

1998 கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தது. துபாயில் அப்போது வார விடுமுறையே வெள்ளிதான். ஞாயிறு ஆராதனையைக்கூட சபைகள் வெள்ளியன்றுதான் வைத்துக்கொண்டன. டிசம்பர் 25 வேலைநாளில் விழுந்தால், அப்பா ஆபீஸ் முடிந்து வந்த பிறகுதான் எங்களுக்குப் பண்டிகை. அந்த வருஷமோ கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே ரம்ஜான் நோன்பும் தொடங்கிவிட்டது. நோன்பு மாதத்தில் அமீரகச் சட்டப்படி தினமும் இரண்டு மணி நேர வேலை குறையும். ஆண்டு முழுக்கக் கண்ணில் படாத டெனர்காரர்களும் பேஸ்காரர்களும் சாயங்காலமே கேரல் பயிற்சிக்கு எங்கள் கராமா ஃப்ளாட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். எங்கள் சபைக் கொயருக்கு அந்தக் கடைசி வாரத்தில் கிடைத்த கொடை அது.

நோன்பு திறக்கும் பீரங்கிச் சத்தம் கேட்கும்வரை அம்மா தேநீர் போடமாட்டாள். எதிர்வீட்டுப் பாகிஸ்தான் குடும்பத்திலிருந்து பேரீச்சம்பழமும் பக்கோடாவும் வரும். அதன் பிறகுதான் பாட்டு.

பாட்டு, தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த ‘பக்தரே வாரும்’. ஆனால் கொயர் மாஸ்டர் அங்கிள் கொண்டுவந்தது, அதன் ஆங்கில வடிவத்துக்கு டேவிட் வில்காக்ஸ் செய்த இசையமைப்பு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். அந்த இசையமைப்பு உள்ள, ரெஜினால்ட் ஜேக்ஸோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்’ 1961-இல் வந்தது. அங்கிள் பாளையங்கோட்டைக்காரர், சுரங்களை ‘டோ ரே மி’ எழுத்துகளால் குறிக்கும் சோல்ஃபாவில் வளர்ந்தவர். ஆங்கில நொட்டேஷன் முழுவதையும் சோல்ஃபாவாக மாற்றி, கீழே தமிழ்ச் சரணங்களைத் தன் கையாலேயே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். நீலப் பென்சிலில் மூச்சு விடும் இடங்களுக்குக் கமா போட்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு டெஸ்கன்ட். சபை முழுதும் தெரிந்த ராகத்தைப் பாடும்போது அதற்கு மேலே வேறொரு ராகம் தனியாக ஏறிப்போகும். தெரிந்த பாட்டு காதில் விழ விழ அதை விட்டு விலகி நிற்பது பெரிய பாடு. நான் காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பழகினேன்.

என்னை ஆட்கொண்டது கடைசிச் சரணம். அதில் எல்லோரும் ஒரே குரலில் ராகத்தை மட்டும் பாடுவார்கள். வித்தையெல்லாம் ஆர்கன் கையில். சரணத்தின் நடுவே ஓரிடத்தில் ராகம் மாறாது, அடியிலிருக்கும் சுரக்கூட்டு மட்டும் திடீரென்று இருண்டு புரளும். ஆயிரம் தடவை பாடிய வரி அங்கே புதிதாகிவிடும். கேரல் உலகில் இதற்கு இணையான ஒரு நொடியை நான் இன்றுவரை கேட்டதில்லை. கீபோர்டு வாசித்த அண்ணனின் இடதுகைப் பக்கம் உட்கார்ந்து, அந்த விரல்கள் விரிவதையே பார்ப்பேன்.

“அண்ணே, இன்னொரு தடவை.”

“போதும்மா, அங்கிள் ஏசுவாங்க” என்பார். வாசிக்கவும் செய்வார்.

ஊத் மேத்தாவின் ஹோலி டிரினிட்டி வளாகத்தில் ஒரு சபை முடிவதற்குள் அடுத்த சபை வாசலில் நிற்கும். கிறிஸ்துமஸ் அன்று காத்திருந்த மலையாளிகளும் பிலிப்பினோக்களும் கடைசிச் சரணத்தில் அவரவர் மொழியில் சேர்ந்துகொண்டார்கள். அங்கிள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் சேர்த்துக் கையசைத்துத் தாளம் காட்டினார்.