பிணை நிற்க ஆறு பேர்

எமது குடாநாட்டில் கிழமைக்கடன் எடுத்த பெண்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும். ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை. யாராவது ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் கூட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே குழுவில் சேர்க்க முன்னரே ஒவ்வொருத்தியின் வருமானமும் குடும்பமும் உடல்நிலையும் அயலுக்குள் அலசப்பட்டுவிடும். வட்டியும் லேசானதல்ல. 2018இல் அரசாங்கம் வடக்கு, கிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒரு பெண்ணுக்கு வட்டியை விட அந்த விறாந்தைதான் பயம்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மிளகாய்த்தூள் இடித்து விற்பவர். கணவர் மூலம் தொற்று வந்தது. அவர் இப்போது உயிருடன் இல்லை. செத்தல் மிளகாய் மொத்தமாக வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கடன் குழுவில் சேரச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"கிளினிக் நாளிலை எங்கை போறாய் எண்டு கேட்பினம், தங்கச்சி. வருத்தம் இன்னதெண்டு தெரிஞ்சால் என்ரை தூளை ஆர் வாங்குவினம்?"

எச்.ஐ.வி. சாப்பாட்டால் தொற்றாது, தொடுவதால் தொற்றாது. இலங்கையில் 2004இன் இறுதியிலிருந்து மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவாலும் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைகள்தான் இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டில், நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமியும் கணவர் மூலம் தொற்றுக்கு ஆளானவரே. 1998இல் அவர் வேறு சில பெண்களுடன் சேர்ந்து, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். ஒளிக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில்தான் ஒரு பெண் தன் தேவையை வாய்விட்டுச் சொல்வாள்.

அந்த அக்காவும் கிளினிக்கில் பழக்கமான இன்னும் ஐந்து பெண்களும் சேர்ந்தார்கள். வெவ்வேறு ஊர்க்காரர். மாதம் ஆளுக்கு 500 ரூபா. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபா வட்டி, அதுவும் அவர்களது பொதுப் பணத்துக்கே. கொப்பியின் மட்டையில் 'சீட்டு' என்று மட்டும் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் சீட்டுக் கட்டாத பெண் ஏது? ஒருவரும் கேட்கவில்லை. முதற்கடனாக அக்காவுக்குப் 10,000 ரூபா கிடைத்தது.

ஏழாம் மாதம் அவர்களில் இளையவள் தவணை கட்ட வரவில்லை. வெளிக்கடன் என்றால் வாசலில் வந்து சத்தம் போட்டிருப்பார்கள். இவர்களோ, "அவள் கிளினிக்குக்கும் வரேல்லை" என்றுதான் முதலில் கவலைப்பட்டார்கள். அக்கா தூள் விற்கும் சாட்டில் அவளது வீட்டுக்குப் போனார். மாமியார் கண்டுவிடுவார் என்ற பயத்தில் அவள் மூன்று கிழமையாக மருந்தை நிறுத்தியிருந்தாள். குளிசைப் போத்தல் அரிசி வாளிக்குள் கிடந்தது.

மறுநாளே அக்கா அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். குளிசைகளை இப்போது சத்துமாப் பேணிக்குள் வைத்திருக்கிறாள். தவணையை மூன்று மாதம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்கு வட்டி இல்லை.