அறிந்துகொள்ளும் சுமை

நோய் வந்தபின் மருத்துவரை நாடுவது நாம் அறிந்த வழக்கம். பல ஆண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் நோயை இன்றே சொல்லிவிடும் பரிசோதனை ஒன்று இருந்தால், அதைச் செய்துகொள்வோமா? செவிலியாகப் பணியாற்றிய எனக்குள் இக்கேள்வியை எழுப்பியது ஹன்டிங்டன் நோய்.

இந்நோயை 1872-இல் தெளிவாக விவரித்தவர் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர். பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையே இது தலைகாட்டும். கை கால்கள் தம் போக்கில் நெளிந்து ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். சினமும் மனச்சோர்வும் சிலரிடம் முன்னதாகவே தோன்றும். குடிகாரர் என்றும், பேய் பிடித்தவர் என்றும் பழிக்கப்பட்டோர் பலர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியுள்ளது. 1978-இல் தம் தாயை இதே நோய்க்குப் பறிகொடுத்த நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அடுத்த ஆண்டே அங்குச் சென்றார். அவ்வேழை மக்கள் மனமுவந்து அளித்த இரத்தம் ஆய்வுக்குப் பெருந்துணையாயிற்று. 1983-இல் நோய்க்குரிய மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1993-இல் அம்மரபணுவே கண்டறியப்பட்டது. அதன்பின் சிறிதளவு இரத்தமே விடை சொல்லப் போதுமானதாயிற்று. ஆனால், நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அசைவுகளைத் தணிக்கும் மருந்துகளே உண்டு.

இந்நோயுற்ற தந்தையைப் பேணிவந்த இளம்பெண் ஒருத்தி ஒருநாள் என்னிடம், "சிஸ்டர், எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். நான் பரிசோதித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். வயது வந்தவர் தாமாக விரும்பினாலன்றி, பெற்றோரோ சம்பந்தி வீட்டாரோ வற்புறுத்தி இதைச் செய்விக்கக் கூடாது என்பதும், முன்னும் பின்னும் தக்க ஆலோசனை தேவை என்பதும் மருத்துவ நெறி. அதையே அவளுக்கு விளக்கினேன். சில வாரங்கள் கழித்து வந்து, "இப்போது அறிய விரும்பவில்லை. ஆனால், மறைத்து வாழ்க்கைப்படவும் மாட்டேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொன்னாள். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அவள் அழுதாள், ஆயினும் தன் சொல்லுக்காக வருந்தவில்லை. அறிந்துகொள்ளவும் துணிவு வேண்டும், அறியாமல் வாழவும் துணிவு வேண்டும் என்பதை அவளிடமே நான் கற்றேன்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 மே 18-இல் வத்திக்கானில் இந்நோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சந்தித்து, இந்நோய் இனி மறைத்துவைக்கப்படலாகாது என்று வலியுறுத்தினார். நான்சி வெக்ஸ்லரும் தமக்கு இந்நோய் இருப்பதை 2020-இல் வெளிப்படையாக அறிவித்தார்.

அன்பு வாசகர்களே, தள்ளாடி நடப்பவரைக் கண்டு குடிகாரர் எனத் தீர்ப்பிடுமுன் சற்றுப் பொறுப்போம். இத்தகைய நோயுள்ள வீட்டாரிடம், "பரிசோதித்தாயா?" என்று துருவிக் கேளாமல், "நான் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேட்போம். அவர்கள் மறைந்து வாழ்வதற்குக் காரணம் நோய் மட்டுமன்று, நம் நாவுமே.