ரிச்சி தெருவில் ஒரு லாப்டாப் வேட்டை

சென்னைக்குப் போய் சாமான் வாங்குவதென்றால் நம்மில் யாருக்கும் வழி சொல்லித் தர வேண்டாம். புடவைக்குத் தி.நகர், மொத்த விலை சாமானுக்குச் சௌகார்பேட்டை, பூவுக்குக் கோயம்பேடு என்று கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்திலேயே ரிச்சி தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் நாம் எட்டிப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர், வயர், ஸ்பீக்கர் என்று ஆண்கள் பேரம் பேசும் இடம் அது. "அங்கே போய் நீ என்னத்தைக் கண்டே?" என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும். எங்கள் வீட்டிலும் கிளம்பியது!

என் மகள் 2025 ஜூனில் பி.காம். முதல் ஆண்டில் சேர்ந்தாள். தினமும் அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறாள். ஒரு மாதம் செல்போனிலேயே சமாளித்தாள். கணக்குப் பதிவு பாடத்துக்கு எக்செல், டாலி எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்தபோது, அந்தச் சின்னத் திரையில் கட்டம் கட்டமாக எழுதிக் கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். லாப்டாப் வாங்குவது என்று முடிவாயிற்று.

பணம்? நான் மாதாமாதம் கட்டி வந்த சீட்டை எடுத்ததில் 40,000 ரூபாய் கையில் இருந்தது. அது எதற்காக வைத்திருந்ததென்றால், இவளுடைய கல்லூரி ஃபீஸுக்காக பாங்கில் வைத்த என் இரண்டு வளையல்களை மீட்க. 'சரி, வளையல் எங்கே ஓடிவிடப் போகிறது?' என்று நினைத்துக்கொண்டேன். என் கணவருக்கு ஷிப்ட் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஆகவே நானும் அவளுமாகத்தான் கிளம்பினோம்.

'அரசாங்கமே கொடுக்கிறதே, ஏன் காசு செலவு செய்ய வேண்டும்?' என்று சில சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2011-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் அண்ணன் மகனுக்குக் கிடைத்தது. என் பெண்ணின் முறை வருவதற்குள் அது நின்றுபோய்விட்டது. பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் வழங்குவதாக அறிவித்தார்கள். எங்களுக்கோ ஜூலையிலேயே தேவைப்பட்டது. உங்கள் வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால், பர்ஸைத் திறக்குமுன் கல்லூரி ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் சுமார் 70 கிலோமீட்டர். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். பூமிக்கு அடியிலிருந்து நகரும் படியில் மேலே வந்தால் மவுண்ட் ரோடு. அங்கிருந்து விசாரித்துக்கொண்டே நடந்து போய்விடலாம். ஆட்டோ தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் விடியற்காலையில் ஓடிப் பிரயோஜனமில்லை. நாங்கள் பத்து மணிக்கே போய் நின்று, ஷட்டர் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் சுற்றுப்புறத்தைப் பார்த்தோம். பக்கத்திலிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். 'சின்னத் தறிப் பேட்டை'தான் பேச்சு வழக்கில் அப்படி ஆயிற்று என்று சொல்வார்கள். தறிச் சத்தம் கேட்ட இடத்துக்குப் பக்கத்தில் இப்போது கம்ப்யூட்டர் வியாபாரம்! அந்தப் பக்கம் பிளாக்கர்ஸ் ரோடில் கேஸினோ தியேட்டர் இருக்கிறது. அதே சாலையில்தான் ரகுபதி வெங்கையா 1914-இல் கட்டிய கெயிட்டி தியேட்டரும் இருந்தது; இப்போது அது இல்லை.

ரிச்சி தெரு என்று பெயர்தானே தவிர, அது ஒரே தெருவல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கொண்டு கிடக்கிறது. முன்பு ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர்போன இடம். பிறகு டி.வி., பிறகு கம்ப்யூட்டர் என்று காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பதினொன்றரை மணிக்கு ஏக கூட்டம். தலைக்கு மேலே வயர்க் கற்றைகள், காலுக்குக் கீழே பள்ளம், நடுவில் ஸ்கூட்டர்கள். "அக்கா, என்ன பாக்குறீங்க? லேப்டாப்பா? கேமராவா? உள்ள வாங்கக்கா!" என்று வாசலுக்கு வாசல் அழைப்பு. கல்யாண வீட்டில்கூட இவ்வளவு உபசாரம் கிடைக்காது! நம் வீட்டு உபயோகத்துக்கும் நிறைய சாமான் கிடைக்கிறது. காணாமல் போன எங்கள் டி.வி. ரிமோட்டுக்குப் பதில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

முதலில் நுழைந்த கடையில் பழைய லாப்டாப்புகளைத் துடைத்துப் புதுசு போல அடுக்கியிருந்தார்கள். பெரிய கம்பெனி ஆபீஸ்களில் ஓடிவிட்டு வருபவையாம். "ஐ5 மேடம், 17,500தான். புதுசு வாங்கினா இந்த விலைக்கு ஐ3 கூட வராது" என்றார் கடைப் பையன். கறுப்பாக, கெட்டியாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மகள் என் காதோடு, "அம்மா, இதுவே போதும்மா. மீதிப் பணத்துல வளையலை மீட்டுக்கோ" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் பாசம் வேறு, வியாபாரம் வேறு. "முதல்ல இதோட நம்பரைப் பாருடி" என்றேன்.

சகோதரிகளே, இந்த நம்பர் சமாசாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்னாலேயே என் அண்ணன் மகனைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசஸர் என்று பெயர். ஐ3-ஐ விட ஐ5 உயர்ந்த ரகம் என்பது சரிதான். ஆனால் அது ஒரே வருஷத்தில் வந்த இரண்டுக்கும் பொருந்தும் கணக்கு. ஐ5 என்பதற்குப் பின்னால் 6300 என்று இருந்தால் அது 6-ஆம் தலைமுறை, 2015-இல் வந்தது. ஐ3 என்பதற்குப் பின்னால் 1215 என்று இருந்தால் 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தது. பத்து வருஷத்துப் பழைய ஐ5-ஐ விட இந்த ஐ3 எவ்வளவோ வேகம். இது இன்டெல் கம்பெனிக் கணக்கு. இப்போது அவர்களுடைய புதியவற்றில் அந்த 'ஐ' எழுத்தையே எடுத்துவிட்டு, கோர் 3, கோர் 5 என்று போடுகிறார்கள். ஏ.எம்.டி. கம்பெனியில் ரைசன் 3, ரைசன் 5 என்று வரும்.

கடையில் இருந்தது 6-ஆம் தலைமுறைதான். அதில் இன்னொரு சங்கடம். கம்ப்யூட்டரை நடத்துகிற விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள், அதன்படியே முடிந்தும் விட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐயோ, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொள்கிறது. "நாங்க 11 போட்டே தர்றோம் மேடம், ஓடும்" என்றார் பையன். ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புதுப்பிப்பு ஒழுங்காக வரும் என்பதற்குக் கம்பெனி பொறுப்பில்லையே! மகள் அதில் ஏதோ கட்டளை தட்டி பாட்டரிக் கணக்கையும் எடுத்துக் காட்டினாள். புதிதில் எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்ணும் அதில் வந்துவிடுகிறது. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ரயிலிலும் வகுப்பிலும் உபயோகிக்கிற பெண்ணுக்கு இது எப்படி ஒத்துவரும்? பில் கேட்டேன். "பில்லுன்னா விலை வேற மேடம்" என்றார். எழுந்துவிட்டோம்.

பழையது என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் இருப்பது இருபதோ இருபத்தைந்தோதான் என்றால், 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்டதாக, பாட்டரி பார்த்து, பில்லோடும் கடை உத்தரவாதத்தோடும் வாங்கினால் மூன்று வருஷப் படிப்புக்குத் தாராளமாக வரும்.

அடுத்த கடையில் நேர்மாறாக, புத்தம் புதியது, வெள்ளி நிறம், 24,990. கண்ணைப் பறித்தது! ஆனால் ஐ3-க்கும் கீழ்ப்பட்ட ரகம், மெமரி 4 ஜி.பி. மெமரி என்பதை நம் அடுப்பு மேடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேடை அகலமாக இருந்தால் ஒரு பக்கம் காய் நறுக்கலாம், ஒரு பக்கம் மாவு பிசையலாம், நடுவில் குக்கரையும் இறக்கி வைக்கலாம். குறுகலாக இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட முடியும். ஸ்டோரேஜ் என்பது சாமான் அறை. மகள் அதில் எக்செல்லையும் ஒரு வீடியோ பாடத்தையும் சேர்த்துத் திறந்தாள். திக்கித் திணறியது. இப்போது 8 ஜி.பி.க்குக் குறைந்து வாங்கவே கூடாது. ஸ்டோரேஜ், எஸ்.எஸ்.டி. என்கிற வகையாக இருக்க வேண்டும். சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்கை விட அது பல மடங்கு சுறுசுறுப்பு.

இன்ஜினீயரிங் வரைபடம், வீடியோ எடிட்டிங் என்று படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு போதாது. அவர்களுக்கு 16 ஜி.பி. வேண்டும், விலையும் ஏறும். பிள்ளை என்ன படிக்கிறது, இதை வைத்துக்கொண்டு தினமும் என்ன செய்யப் போகிறது என்று கேட்காமல் 70,000, 80,000 என்று தவணையில் வாங்கித் தருகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு அங்கலாய்ப்புதான் வருகிறது. வட்டி கட்டுவது யார்?

நான்காவது கடை சின்னது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் வயதானவர். "பொண்ணு என்னம்மா படிக்குது?" என்றுதான் முதலில் கேட்டார். பி.காம். என்றதும், வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக அடுக்கியிருக்கும் கீ போர்டு உள்ளதைத்தான் எடுத்துக் காட்டினார். கணக்குப் போடுகிறவர்களுக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படி இருப்பது பெரும்பாலும் 15.6 அங்குலத் திரையில்தான். 14 அங்குலம் என்றால் எடை குறையும், ஆனால் எண் கட்டம் பொதுவாக இருக்காது. தினம் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறுகிறவள் ஆயிற்றே என்று நான் தயங்கினேன். அவளே இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பரவாயில்லம்மா, 1.7 கிலோதான். டிபன் டப்பாவே அந்த கனம் கனக்குது" என்றாள். என் டிபன் டப்பாவுக்கு ஒரு குத்தல்!

ஐ3 12-ஆம் தலைமுறை, 8 ஜி.பி. மெமரி, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விண்டோஸ் 11 கம்பெனியே போட்டது. உள்ளே இன்னொரு மெமரி அட்டை சொருக இடம் காலியாக இருக்கிறது, பின்னால் வேண்டுமானால் மேடையை அகலப்படுத்திக்கொள்ளலாம். திரையை முன்னாலிருந்து மட்டுமல்ல, பக்கவாட்டிலும் நின்று பார்க்கச் சொன்னார் பெரியவர். சிலவற்றில் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகிறது. இது அப்படியே இருந்தது.

38,500 என்றார். "ரெண்டு கடை தள்ளி குறைச்சுச் சொன்னாங்களேய்யா" என்று ஆரம்பித்தேன். புடவைக் கடையில் பழகிய வாய் சும்மா இருக்குமா? 36,800-க்கு வந்தார், 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்பட, பில்லோடு. பில் ஏன் முக்கியம் என்றால், ஒரு வருஷ வாரண்டிக்கு அந்தத் தேதிதான் ஆதாரம். அட்டைப் பெட்டி மேலிருக்கும் சீரியல் நம்பர், லாப்டாப்பின் அடியில் இருப்பது, பில்லில் எழுதியது மூன்றும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒத்துப் பார்த்தோம். 'ஆபீஸ் சாப்ட்வேர் இலவசம்' என்பதையும் துருவிக் கேட்டேன். சிலவற்றில் அது ஒரு வருஷத்துக்கு மட்டும். அப்புறம் காசு கட்ட வேண்டும். இதில் எப்போதைக்குமே உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். இல்லாவிட்டாலும் கவலையில்லை, லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

நான் சொன்னதெல்லாம் 2025 ஜூலை விலை. அந்த வருஷக் கடைசியிலிருந்து மெமரி விலை ஏறியதில் லாப்டாப் விலையும் ஏறிவிட்டது. ஆகையால் என் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளாமல், கிளம்புமுன் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

பை 650, மவுஸ் 350. நாற்பதாயிரத்தில் மீதி 2,200. அதை வளையல் வட்டிக்கு என்று தனியாக முடிந்து வைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சென்ட்ரலில் சாயங்கால ரயிலைப் பிடித்தோம். நல்ல நெரிசல். மேலே வைக்கச் சொல்லியும் கேட்காமல், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு அரக்கோணம் வரை வந்தாள் அவள்.