ஓடாத வண்டியின் வயது

பழைய கார் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு ஓடியிருக்கு?" பரங்கிப்பேட்டையில் இந்தக் கேள்விக்கு ஆளை மயக்கும் பதில்கள் கிடைக்கும். தெருவுக்குத் தெரு சபுராளி வீடுகள் உள்ள ஊர் இது. குவைத்திலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் விடுமுறையில் வந்து ஆசை ஆசையாக ஒரு கார் எடுப்பார். நாகூர், ஏர்வாடி, ஊட்டி, சம்பந்தி வீடு என்று இரண்டு மாதம் ஓடும். அவர் விமானம் ஏறியதும் வண்டி போர்ட்டிகோவில் கவருக்குள் போய்விடும். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, தெருவில் ஒரு பையன் அவ்வப்போது வந்து ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் போவான். ஆறேழு வருடம் கழித்து விற்பனைக்கு வரும்போது மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. கவரை எடுத்தால் பெயிண்ட் பளபளக்கும்.

கடலோரத்தில் அந்த எண்ணை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிற்கிற வண்டிக்கும் வயதாகிறது. வேகத்துக்கென்று செய்த வண்டிக்கு இன்னும் சீக்கிரம் ஆகிறது.

தினமும் கடலூருக்கு வேலைக்குப் போய்வர நான் ஓட்டுவது அப்படி நின்ற வண்டிகளில் ஒன்றைத்தான். டாடா டியாகோ ஜே.டி.பி. பார்வைக்குச் சாதாரண டியாகோ. பானட்டில் காற்றுத் துளைகள், தரையிலிருந்து சற்றுக் குறைந்த உயரம் போன்ற சில வித்தியாசங்கள்தான். உள்ளே இருப்பது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 குதிரைத்திறன். வழக்கமான பெட்ரோல் டியாகோவுக்கு 85. இந்தச் சக்தி சின்னதா பெரிதா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு சொல்வேன்: 1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்தபோது அதற்கு இருந்தது 110 குதிரைத்திறன். குழந்தையைப் பள்ளியில் விடவும் காய்கறி வாங்கவும் ஆகிற ஒரு சின்னக் கார் நெடுஞ்சாலையில் பெரிய கார்களை விட்டுப் போகலாம் என்று உலகத்துக்குக் காட்டிய வண்டி அது. அதே சக்தி, அதே எண்ணம், நாற்பது வருடம் கழித்து நம் கொங்கு நாட்டில் ஒரு வண்டியாயிற்று.

கோயம்புத்தூர் பந்தயக் கார்களின் ஊர். எண்பதுகளின் இறுதியில் கரிவரதன் அங்கே மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டினார். பணக்காரர்களின் இறக்குமதி வண்டிகளை நம்பியிருந்த பந்தயத்தில் சாதாரண இளைஞர்களுக்கும் இடம் கிடைத்தது அதன் பிறகுதான். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. அந்த மரபில் வந்த பந்தய ஓட்டுநர் ஆனந்தின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம்தான் இந்த ஜே.டி.பி.யைச் செய்தது. 2018 அக்டோபரில் வெளிவந்தது. ஷோரூம் விலை 6.39 லட்சம். 2020இல் பி.எஸ்.6 விதி வந்தபோது அதோடு நின்றுபோனது. இரண்டு வருடம்கூட வாழாத ஒரு மாடல். எனக்கு அதன்மேல் இருக்கும் பிரியத்தில் அந்தக் குறுகிய ஆயுளுக்கும் பங்கு உண்டு.

விற்ற பாய் நல்ல மனிதர். வீடு கட்டப் பணம் தேவைப்பட்டது, விற்றார். "தம்பி, பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. சீட்டு கவர்கூடப் பிரிக்கல" என்றார். உண்மைதான். சிதம்பரத்திலிருந்து நான் கூட்டிப் போன மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவி நான்கு இலக்கங்களைப் படித்தார்: 3818. அதாவது 2018ஆம் ஆண்டின் 38ஆம் வாரத்தில் செய்த டயர். பூ தேயவில்லை, ஆனால் ரப்பர் கல்லாகியிருந்தது. இறுகிய டயர் மழைத் தார்ச்சாலையைப் பிடிக்காது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எளிதாகத் தொடும் வண்டியில் அந்தப் பிடிமானம்தான் உயிர். அடுத்து பிரேக் டிஸ்க்கின் விளிம்பு, சஸ்பென்ஷன் புஷ்கள், ஃபேன் பெல்ட், இன்ஜினைச் சுற்றி ஓடும் ரப்பர் ஹோஸ்கள். ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார். "ரப்பரெல்லாம் போச்சு சார். இன்ஜின் நல்லா இருக்கு" என்றவர், "அந்த அஞ்சு நிமிஷ ஸ்டார்ட்டுதான் பயமா இருக்கு" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குளிர்ந்த இன்ஜினில் அது படிந்து ஆயிலில் கலக்கிறது. சரியாக எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்குகிறது. அரை மணி நேரம் சாலையில் ஓடினால் சூட்டில் இவையெல்லாம் ஆவியாகிப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கும். மாதக்கணக்கில் இதைச் செய்தால் ஆயில் நீர்த்துப்போகும். டர்போ இன்ஜினுக்கு இது இரட்டைக் கேடு. புகையின் விசையில் சுழலும் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிறது; அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆகவே ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்து, நிறத்தையும் வாசனையையும் சோதித்த பிறகுதான் மெக்கானிக் தலையசைத்தார். பாயிடம் குறைகளை வரிசையாகச் சொன்னோம். அவர் தர்க்கம் செய்யவில்லை. "டயருக்கும் ரப்பருக்கும் ஆகுறதைக் கழிச்சுக்கங்க தம்பி, அது நியாயந்தான்" என்றார்.

வெளியூர் வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் முழுகிய கார்கள் ஏராளம். தண்ணீர் புகுந்த வண்டியை உலர்த்தி, மெருகேற்றி, தூரத்து மாவட்டத்தில் விற்பது புரோக்கர்கள் அறிந்த வழி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கோடு அங்கே இருக்கும். அதைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை.

காகிதங்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இது சபுராளி வண்டிகளுக்கு மிக முக்கியம். உரிமையாளர் விமானம் ஏறுமுன் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, கடன் இருந்திருந்தால் படிவம் 35ஐயும் சேர்த்து, ஆர்.சி.யைப் பெயர் மாற்றிவிட வேண்டும். "அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்பதற்கே இடமில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. நம் கையில் இருக்கும் வண்டிக்கு ஜித்தாவில் ஒரு மனிதர் பதில் சொல்லும்படி விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது அவருடையது.

அடுத்தது உப்பு. அண்ணங்கோயில் மீன் இறங்குதளத்திலிருந்து போகும் வண்டிகள் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீரைச் சாலையெல்லாம் சிந்திக்கொண்டு போகின்றன. கடற்காற்று மிச்சத்தைச் செய்துவிடுகிறது. இரவு மழை பெய்தால் காலையில் பிரேக் டிஸ்க்கில் செந்துரு படர்ந்திருக்கும். ஓட்டினால் நாலு பிரேக்கில் தேய்ந்து மறையும்; நின்றால் ஊறிப் பள்ளம் விழும். தினமும் ஓடுகிற வண்டி கடலோரத்தில் தன்னைத்தானே துடைத்துக்கொள்கிறது. நான் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீட்டில் அதே தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான்.

இந்த ஊர் இரும்பை அறிந்த ஊர் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே, இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி. லாபம் வரவில்லை. ஆனால் அதே ஹீத் 1839இல் எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகின் விலை அதனால் குறைந்தது. இன்று எந்தக் காரின் எஃகிலும் மாங்கனீசு உண்டு. சக்கரத்தடியில் குனிந்து துருவைத் தேய்க்கும்போது எனக்கு அந்த மனிதரின் நினைப்பு வரும். இந்தக் காற்றோடு அவரும் போராடியிருப்பார்.

சரி, பரங்கிப்பேட்டையில் வேக வண்டியை வைத்து என்ன செய்வது? கேட்காத ஆள் இல்லை. ஊருக்குள் இருபதைத் தாண்ட முடியாது. பி.முட்லூர் வரை ஆடு, பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் குறுக்கே வரும் பெரியவர்கள். அங்கெல்லாம் சிட்டி மோடில் வைத்துவிட்டால் வண்டி சாதுவாகப் போகிறது. நெடுஞ்சாலை ஏறி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் வரை எண்பதில் போவேன். அதற்கு மேல் எனக்கு வேலையும் இல்லை, விருப்பமும் இல்லை.

இந்த வண்டியின் அருமை எனக்குத் தெரிந்தது அந்தச் சாலையில் அல்ல. மாதத்தில் சில நாள் விருத்தாசலம் போக வேண்டியிருக்கும். புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழி. ஆலை அரவை நடக்கும் மாதங்களில் அங்கே கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போகும்; சாலையின் அகலத்தை அடைத்துக்கொண்டு, தோகை இரு பக்கமும் உரசிக்கொண்டு. முந்துவதற்கு எதிரே கிடைப்பது ஒரு சின்ன இடைவெளி. என் முந்தைய காரில் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டு, இன்ஜின் யோசித்து முடிக்கும்வரை எதிர்வரிசையில் தொங்கிக்கொண்டிருப்பேன். இதில் மூன்றாவது கியரில் மிதித்தால் ஐம்பதிலிருந்து எண்பதுக்கு நினைத்த மாத்திரத்தில் போய், என் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறேன். எதிர்வரிசையில் இருக்கும் நேரம் பாதியாகிறது. இறுக்கமான சஸ்பென்ஷனும் பிரேக்கும் அதே கணக்கில் உதவுகின்றன: திடீரென்று மாடு வந்தால் வண்டி ஆடாமல் நிற்கிறது. சக்தியை நான் பாதுகாப்பாகவே பார்க்கிறேன். அதை வைத்து ஈ.சி.ஆரில் பந்தயம் விடும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேகம் வேண்டுமா, செட்டிபாளையம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சுவரும் மணலும் ஆம்புலன்ஸும் வைத்த தளங்கள் அவை.

செலவு பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள். ஆயிலை கிலோமீட்டர் பார்த்து மாற்றுவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, முழு சிந்தெடிக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதுவும். இந்த இன்ஜின் நெக்ஸானின் குடும்பம் என்பதால் உதிரிகள் கிடைக்கின்றன. தயாரிப்பு நின்ற எந்த மாடலுக்கும் பம்பர், கிரில் போன்றவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய வேக வண்டியின் தவணை வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. வாங்கும் விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று நேராகவே சொல்வேன். டர்போ வண்டியை மலிவாகப் பராமரிக்க வழி கிடையாது.

என் அலுவலகத்தில் ஒரு தம்பி இந்த ஆசையில் இருக்கிறான். சாதாரண கார் ஒன்றை வாங்கி, வெளியே ரீமேப் போட்டு, சைலன்சர் மாற்றிச் சத்தம் எழுப்பலாம் என்று முதலில் சொன்னான். வேண்டாம் என்றேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விபத்தானால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். அதைவிடப் பெரிய காரணம், இன்ஜினை மட்டும் ஏற்றிவிட்டு பிரேக்கைப் பழையபடி விட்டுவிடுகிறார்கள். இப்போது அவனும் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்த வண்டியைத் தேடுகிறான். திண்டிவனத்தில் ஒரு போலோ ஜி.டி. இருக்கிறதாம், எழுபதாயிரம் ஓடியது, டாக்டர் ஒருவர் தினமும் ஓட்டியது, சர்வீஸ் பில்கள் எல்லாம் இருக்கின்றன. "ரொம்ப ஓடிடுச்சேண்ணே?" என்று தயங்கினான். பில்களின் தேதியைப் படித்துக்காட்டச் சொன்னேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம்.