"வைக்கலாம்" என்றேன்

கண்ணாடியின் வெப்பப் பண்புகளே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். ஆகவே இதை எழுதச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரித் தொடக்கம், தில்லிக் குளிர் இன்னும் விலகாத ஓர் இரவு. விடுதியின் பொதுச் சமையலறையில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்தேன். மதுரையிலிருந்து வந்த முதலாண்டு முதுகலை மாணவி ஒருத்தி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ரசத்தை எடுத்தாள். பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள். "அக்கா, கண்ணாடிதானே, மைக்ரோவேவ்ல வைக்கலாமா?" என்று கேட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "வைக்கலாம்" என்றேன்.

மூன்று நிமிடங்களுக்குப் பின், துணியால் பாட்டிலைப் பிடித்தெடுத்து, அப்போதுதான் கழுவியிருந்த கருங்கல் மேடையின் ஈரத்தின்மீது வைத்தாள். அடிப்பாகம் அறுத்ததுபோல் கழன்று விழுந்தது. கொதிக்கும் ரசம் வலக்கை மணிக்கட்டில் வழிந்தது. துண்டொன்று ஆள்காட்டி விரலைக் கிழித்ததில் இரண்டு தையல். இடைப்பருவத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது.

என் விடை பிழையா என்று பலமுறை எண்ணிப் பார்த்தேன். அலைகளைப் பொறுத்தவரை பிழையில்லை. இவ்வடுப்புகள் 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. கண்ணாடி அவ்வலைகளைப் பெரும்பாலும் உறிஞ்சாது. உணவிலுள்ள நீர் உறிஞ்சிச் சூடாகிறது. உணவின் சூடே பாத்திரத்துக்கு வருகிறது. ஆனால் அவள் கேட்டது அந்தப் பாட்டிலைப் பற்றி. நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இத்தகைய பாட்டில்கள் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதன் நீளம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு கூடும். ஆய்வகக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடியில் அது 3.3 பங்குதான். சூடான பாட்டில் ஈரக்கல்லைத் தொட்டதும் வெளிப்புறம் சுருங்க முனைகிறது. உட்புறமோ விரிந்தே நிற்கிறது. வெளிப்பரப்பில் இழுவிசை பிறக்கிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தேய்த்துக் கழுவியதில் விழுந்த சிறு கீறலே விரிசலின் தொடக்கமாகிவிடும். இதையெல்லாம் கரும்பலகையில் மாணவர்களுக்கு வரைந்து காட்டியவள்தான் நான்.

இன்று அதே கேள்வியை யாரேனும் கேட்டால், முதலில் பாத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறி உண்டா? விளிம்பில் பொன்னிற, வெள்ளிநிற உலோகக் கோடு இருந்தால் வேண்டாம், பொறி பறக்கும். கீறலோ விளிம்பு உடைசலோ இருந்தாலும் வேண்டாம். மூடியை இறுக்கக் கூடாது. குளிரிலிருந்து எடுத்ததைச் சிறிது நேரம் வெளியே வைத்துவிட்டுச் சூடாக்க வேண்டும். சூடான பாத்திரத்தை உலர்ந்த துணியின்மீதோ மரப்பலகையின்மீதோ இறக்க வேண்டும். ஐயமிருந்தால், உணவைப் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிவிடுவதே எளிது.

அவள் கட்டுடனேயே தேர்வெழுதினாள். பிறகொரு நாள் பேச்சினூடே, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா" என்றாள். அதில் குற்றஞ்சாட்டும் தொனி சிறிதும் இல்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.